கோயில் ஒலிபெருக்கியிலிருந்து கிராணி வீட்டு ரேடியோவுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் ஊரின் பழைய கடைவரிசையில் என் பட்டறை இருக்கிறது. மின்விசிறி, தண்ணீர் மோட்டார், திருவிழா ஆம்பிளிபையர் என்று வருவதையெல்லாம் பார்ப்பேன். வால்வு ரேடியோ ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ வரும். இந்த ஒன்றை மட்டும் விரிவாக எழுதக் காரணம் உண்டு. இதில் ஏழு இடங்களில் மாற்றுப் பாகம் செய்து வைக்க வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்று மூன்றாம் முறைதான் சரிப்பட்டது. இன்னொன்று நானே கெடுத்துவிட்டு நானே செய்த வேலை.

கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவருடைய தந்தை ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்தவர். மரப்பெட்டி, முன்பக்கம் துணி, நான்கு குமிழ்கள், மத்திய அலையும் இரண்டு சிற்றலைகளும் உள்ள ஐரோப்பிய மேசை ரேடியோ. பின்மூடியைத் திறந்தால் உள்பக்கம் 1956ஆம் ஆண்டு உரிமச் சீட்டு ஒட்டியிருந்தது. அப்போது ரேடியோ வைத்திருக்க ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்.

1956 என்றால், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் இன்னும் முடியவில்லை. அது அறிவிக்கப்படக் காரணமான தோட்டத்துரைகள் கொலை 1948 ஜூன் 16 அன்று இந்த ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில்தான் நடந்தது. இருட்டிய பிறகு யாரும் எங்கும் போக முடியாத அந்த நாட்களில், கிராணி ரேடியோவைத் தூக்கி ஜன்னல் மேல் வைத்துவிடுவாராம். லயன் வீடுகளில் குடியிருந்த தொழிலாளர் சனம் வாசலில் உட்கார்ந்து கேட்குமாம். "ஸ்டோர் ஜெனரேட்டர் ஓடுகிறவரைக்கும்தான் பாட்டு தம்பி. அதை நிறுத்தினால் பாதிப் பாட்டோடு எல்லாரும் படுக்கப் போக வேண்டியதுதான்" என்றார் டீச்சர்.

என்ன வேண்டும் என்று கேட்டேன். "பாட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பேரப்பிள்ளைகள் ஓடுகிற கூடம். பயமில்லாமல் வைக்க வேண்டும். பாடினால் சந்தோஷம்." இத்தனை தெளிவாகக் கேட்கிற வாடிக்கையாளர் எனக்கு அபூர்வம்.

பெட்டிக்குள் என்ன நடந்திருந்தது

போன தீபாவளிக்கு வந்த மருமகன் ஆசையாக பிளக்கைச் செருகியிருக்கிறார். ஒரு நிமிடம் உறுமல், பிறகு கருகிய வாடை, பிறகு அமைதி. பல ஆண்டுகள் சும்மா கிடந்த வால்வு ரேடியோவை இப்படி நேராக மின்சாரத்தில் போடுவது, முடங்கிக் கிடந்த கிழவரை எழுப்பி ஓடச் சொல்வது போன்றது. பெரும்பாலும் தூக்கத்தில் சாகாததை இந்த ஒரு நிமிடம் கொன்றுவிடுகிறது.

நான்கு வால்வுகள். அலைமாற்றத்துக்கு ஈசிஎச்81, அடுத்து ஈபிஎப்80, வெளியீட்டுக்கு ஈஎல்84, மின்சாரத்தை நேராக்க ஈஸெட்80. வெளியீட்டு டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுற்று அறுந்திருந்தது. சின்ன ஊர்களில் பழுதுபார்ப்பு பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்: டிரான்ஸ்பார்மர் போச்சு, வேறு கிடைக்காது, அலமாரியில் வையுங்கள். ஆனால் டிரான்ஸ்பார்மர் தானாக எரிவதில்லை. அதை எரித்த கையைப் பிடிக்காமல் புதிதாக எதை வைத்தாலும் அதுவும் எரியும்.

அந்தக் கை, சுண்டுவிரல் அளவு மெழுகுக் காகித கண்டென்சர். ஈபிஎப்80 கட்டத்திலிருந்து ஒலியை மட்டும் ஈஎல்84-இன் கிரிட்டுக்கு (வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலைக்கு) கடத்தி, நேர்மின் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. மதிப்பு 0.01 மைக்ரோபாரட். மல்டிமீட்டரில் வைத்தால் நல்லபிள்ளையாக நின்றது. ஒரு முனையைக் கழற்றி 90 வோல்ட் கொடுத்துப் பார்த்தபோதுதான் சாயம் வெளுத்தது: 18 மைக்ரோ ஆம்பியர் கசிவு. அதாவது, எதையும் கடத்தக் கூடாத இடத்தில் 5 மெகாஓம் தடை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கிரிட்டிலிருந்து தரைக்கு 0.68 மெகாஓம். கணக்குப் போட்டால், கிரிட்டில் சுழி வோல்ட் இருக்க வேண்டிய இடத்துக்கு 10.8 வோல்ட் வந்துசேர்கிறது. ஈஎல்84 மூச்சு முட்ட மின்சாரத்தை இழுக்கும். அத்தனையும் மயிரிழைக் கம்பியால் சுற்றிய டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் வர வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பச்சை பூத்துப்போன செப்புக்கம்பி எத்தனை நேரம் தாங்கும்?

டிரான்ஸ்பார்மர் அறுந்த பிறகும் வால்வு தப்பவில்லை. வால்வின் முக்கியத் தகடான ஆனோடுக்கு வழி அடைபட்டதும் மின்னோட்டம் முழுவதும் ஸ்கிரீன் கிரிட் என்ற இன்னொரு மெல்லிய வலையின் தலையில் விழும். நல்லவேளையாக ஈஎல்84-ஐ இன்றும் புதிதாகத் தயாரிக்கிறார்கள். கிட்டார் ஆம்பிளிபையர்களுக்கு அது வேண்டும். ஆகவே வால்வைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மற்ற மூன்றும் நன்றாகவே இருந்தன.

ஈஸெட்80-ஐ எடுத்துவிட்டு இரண்டு சிலிக்கான் டையோடு போட்டால் சூடு குறையும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சூடு குறையும், உண்மை. ஆனால் டையோடு காத்திருக்காது. சுவிட்சைப் போட்ட நொடியே, மற்ற வால்வுகள் சூடாகி மின்சாரம் இழுக்கத் தொடங்கும் முன்பே, டிரான்ஸ்பார்மரின் 250 வோல்ட் உச்சமாகி 353 வோல்ட்டாக எல்லா இடத்திலும் நிற்கும். இருப்பது நன்றாக வேலை செய்யும்போது மாற்று எதற்கு? ஈஸெட்80 இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கண்டென்சர்கள்

மாற்றுப் பாகம் செய்ய உட்காரும்போது பழைய பாகம் பார்க்க எப்படி இருந்தது என்பதை நான் முதலில் கேட்பதில்லை. அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்பேன். கண்டென்சரின் வேலை மின்சாரம் சார்ந்தது. அதை இன்றைய 630 வோல்ட் பாலியெஸ்டர் பிலிம் கண்டென்சர் பழையதைவிட ஒழுங்காகச் செய்யும். உருவம் அலங்காரம்தான். ஆனாலும் பழைய ஓட்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. வெப்பக் காற்றில் சூடேற்றி உள்ளிருந்த சுருளை வெளியே தள்ளி, காகிதக் குழலுக்குள் புதியதை வைத்து, இரண்டு முனையையும் தேன்மெழுகால் அடைத்தேன். ஒன்பது கண்டென்சர்களுக்கு ஒன்றரை நாள் போயிற்று. ஒவ்வொன்றுக்குள்ளும் மதிப்பும் தேதியும் எழுதிய சிறு காகிதத் துண்டு இருக்கிறது. அடுத்து திறக்கிறவர் பழைய மெழுகைப் பார்த்து ஏமாந்து, நல்ல கண்டென்சரைக் கழற்றக் கூடாது. கெட்டதை நல்லது என்று நம்பவும் கூடாது.

இரைச்சலை வடிகட்டும் பெரிய அலுமினிய டப்பாவில் 50 மைக்ரோபாரட் இரண்டு. அதன் அடியை அறுத்து, 450 வோல்ட் தாங்கும் 47 மைக்ரோபாரட் இரண்டை உள்ளே உட்காரவைத்தேன். பெரிதாகப் போட்டால் இரைச்சல் இன்னும் குறையுமே என்று 220 போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈஸெட்80-க்கு அடுத்து வரும் முதல் கண்டென்சர் 50-க்கு மேல் போகக் கூடாது என்பது அதைத் தயாரித்தவர்கள் வகுத்த எல்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கண்டென்சரை நிரப்பும் மின்னோட்டம் முழுவதும் வால்வின் கேத்தோடிலிருந்துதான் (எலெக்ட்ரான்களை வெளிவிடும் பாகத்திலிருந்துதான்) வர வேண்டும்.

மின்சார வயருக்கும், பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேசிஸுக்கும் நடுவே இருந்த சிறு கண்டென்சரை, பழுதானாலும் உயிராபத்து விளைவிக்காத ஒய்2 வகையாக மாற்றினேன். ரப்பர் உறை உதிர்ந்த வயர் முழுவதும் போயிற்று; மூன்று கம்பி வயர் வந்தது; சேசிஸ் தரையோடு இணைந்தது. மருமகன் செருகிய பிளக்கில் 13 ஆம்பியர் உருகி இருந்தது. 3 ஆம்பியர் இருந்திருந்தாலும் டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றியிருக்காது. வீட்டைக் காப்பாற்ற அதுதான் வேண்டும். பின்புறத் தேர்வுத் தட்டு 220 வோல்ட்டில் இருந்தது. டீச்சர் வீட்டு மின்சாரத்தை அளந்தால் 243. தட்டை 245-க்குத் திருப்பினேன்.

டிரான்ஸ்பார்மர்

இதுதான் இந்த வேலையின் உயிர். பழையதைப் பிரித்து மறுபடி சுற்ற ஈப்போவில் ஆள் உண்டு. அவருக்கு ஆறு வாரம் வேண்டும். அதுவரை ரேடியோவைச் சோதிக்கவாவது ஒன்று வேண்டுமே என்று யோசித்தபோது, மேசையோரத்தில் கிடந்த ஹார்ன், அதாவது கூம்பு ஒலிபெருக்கி, கண்ணில் பட்டது.

திருவிழாவுக்கு மைக் செட் வைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கோயில் ஹார்ன்கள் 100 வோல்ட் லைனில் ஓடுபவை. நீண்ட வயரில் ஒலி கரைந்துபோகாமல் இருக்க 100 வோல்ட்டாக அனுப்பி, ஒவ்வொரு ஹார்னிலும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மரால் அதைத் தாழ்த்திக்கொள்வார்கள். டயாப்ரம் கிழிந்த ஹார்ன் ஒன்றை அவர் என்னிடம் போட்டுவைத்திருந்தார். அதற்குள் 10 வாட் டிரான்ஸ்பார்மர். முனைகள் 10, 5, 2.5, 1.25 வாட், மறுபக்கம் 8 ஓம்.

ஈஎல்84 தன் எதிரே சுமார் 5,200 ஓம் சுமையை எதிர்பார்க்கும். லைன் டிரான்ஸ்பார்மரில் வாட் எழுதியிருக்கும், ஓம் எழுதியிருக்காது. ஆனால் 100-ஐ 100-ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் ஓம் கிடைத்துவிடும். 1.25 வாட் முனைக்கு 8,000 ஓம். அது 8 ஓம் ஸ்பீக்கருக்கான கணக்கு. இந்த ரேடியோவின் ஸ்பீக்கரோ 5 ஓம். எட்டில் ஐந்து பங்கு என்றால் 8,000 என்பது 5,000 ஆகிறது. 5,200 கேட்ட இடத்தில் 5,000! கடைவரிசை முழுக்கத் தேடியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாகக் கிடைத்திருக்காது. அண்ணனுக்குப் போன் போட்டேன். "எடுத்துக்கொள் தம்பி, டயாப்ரம் இல்லாத ஹார்ன் எனக்கு எதற்கு?" என்றார். இந்த வாக்கியத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓம் பொருந்தினால் போதாது. லைன் டிரான்ஸ்பார்மர் வழியாக மாறுமின் ஒலி மட்டுமே போகும். ரேடியோவில் ஒலியோடு சேர்ந்து 48 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டமும் ஓயாமல் ஓடும். அது இரும்பை ஒரே திசையில் காந்தமாக்கி நிரப்பிவிட்டால், ஒலிக்கு இடமிருக்காது. அலைகாட்டியில் 100 ஹெர்ட்ஸ் கொடுத்துப் பார்த்தேன்: அலையின் ஒரு பக்கம் வட்டமாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருந்தது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் பிய்ந்தால் கேட்குமே, அப்படி ஒரு சத்தம்.

பழைய ரேடியோ டிரான்ஸ்பார்மர்களில் இதற்கென்றே இரும்பில் ஒரு மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். லைன் டிரான்ஸ்பார்மரில் 'ஈ' வடிவத் தகடும் 'ஐ' வடிவத் தகடும் மாறிமாறிப் பின்னியிருக்கும், இடைவெளி கிடையாது. வார்னிஷால் ஒட்டிக்கொண்டிருந்த தகடுகளைச் சவரக் கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முதல் தகடுதான் கஷ்டம், இரண்டைக் கோணலாக்கிவிட்டேன். பிறகு 'ஈ' எல்லாவற்றையும் ஒரே பக்கமாகவும் 'ஐ' எல்லாவற்றையும் எதிர்ப்பக்கமாகவும் அடுக்கி, நடுவே சாதாரண அச்சுத்தாள் ஒன்றை வெட்டி வைத்து இறுக்கினேன். தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர். காந்தப் பாதை அதை இரண்டு முறை கடக்கும். மறுபடி அலைகாட்டியில் பார்த்தால், 2 வாட் வரை அலை இரு பக்கமும் ஒரே வடிவம். ஒரு தாள் செய்த வேலை!

இன்னொரு கவலை இருந்தது. 100 வோல்ட்டுக்குச் செய்தது 250 வோல்ட் நேர்மின்னைத் தாங்குமா? காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துச் சுற்றுக்கும் இரும்புக்கும், சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே சோதித்தேன். முள் 200 மெகாஓமுக்கு மேல் நின்றது. ஸ்பீக்கர் பக்கத்து முனை ஒன்றைச் சேசிஸோடு இணைத்திருக்கிறேன். என்றாவது காப்பு உடைந்தாலும் மின்சாரம் தரைக்குப் போகுமே தவிர ஸ்பீக்கர் கம்பியில் வந்து நிற்காது. சேசிஸில் புதிய ஓட்டை போடவில்லை. பழைய இரண்டு திருகுகளிலேயே அலுமினியத் தகடு ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் டிரான்ஸ்பார்மரை வைத்தேன்.

60 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து முதல் முறை மின்சாரம் கொடுத்தேன். பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கியது. ஈஎல்84-இன் கேத்தோடில் 150 ஓம் மீது 7.4 வோல்ட், வால்வு வழியாக 49 மில்லி ஆம்பியர். ஆனோடும் ஸ்கிரீனும் சேர்த்து எடுக்கக் கூடிய அளவுக்குள் அடக்கமாக இருந்தது.

ரப்பர் ஊரில் ரப்பர்

அலைதேடும் கண்டென்சர், தகடுகளும் அச்சுமாக எடையுள்ள பாகம். அது மூன்று ரப்பர் வளையங்களின் மேல் மிதந்துகொண்டிருக்க வேண்டும். வளையங்கள் தார் போல உருகிப் பிறகு இறுகி, கண்டென்சர் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அந்த மூன்று வளையங்களின் ரப்பர் இந்தப் பேராக் மரத்துப் பாலாகவே கூட இருந்திருக்கலாம். பால் வெட்டிய ஊரில் வளையத்துக்கா பஞ்சம் என்று அலட்சியமாக நினைத்தேன். அங்குதான் சறுக்கினேன்.

முதலில் கடையில் இருந்த நைலான் வளையம் போட்டேன். உயரம் சரி, பிடிப்பும் சரி. சிற்றலையில் ஒலியைக் கூட்டியதும் ஊளையிட்டது. ஸ்பீக்கரின் அதிர்வு பெட்டி வழியாகக் கண்டென்சர் தகடுகளை ஆட்ட, தகடு ஆடினால் அலைவெண் ஆட, அந்த ஆட்டமே மறுபடி ஒலியாகி ஸ்பீக்கருக்குப் போகிறது. வளையத்தின் வேலை கண்டென்சரைத் தூக்கிப்பிடிப்பது என்று நான் நினைத்தேன். அதிர்வைத் தின்பதுதான் அதன் வேலை.

டீச்சரின் பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருடம் பால் வெட்டியவர். "பாலிருக்க நைலானா?" என்று சிரித்துவிட்டு, சின்னத் தோட்டம் ஒன்றில் இன்னும் நிற்கும் மரத்திலிருந்து ஒரு மங்குப் பால் கொண்டுவந்தார். உறையாதிருக்க அமோனியா கலந்து, வடிகட்டி, ஆணியில் தோய்த்துத் தோய்த்துக் காயவைத்தோம். பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர்; மிச்சம் தண்ணீர். அதனால் காயக்காயச் சுருங்கியது. ஐந்து நாள் தோய்த்தபின் அழகான, தேன் நிறத்தில் மூன்று வளையம். பொருத்தினேன். ஊளை நின்றது. பெரியவர் என்னைவிடச் சந்தோஷப்பட்டார். பதினாறாம் நாள் பார்த்தால், வால்வுச் சூட்டில் வளையங்கள் பிசுபிசுத்துப் பிதுங்கி, கண்டென்சர் மறுபடி சரிந்திருந்தது. கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர் சுமையைத் தாங்காது, மெல்ல ஒழுகும். படித்த பாடம்தான். பெரியவரின் உற்சாகத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

மூன்றாவதாக, சைக்கிள் டியூபை வட்டம் வட்டமாக வெட்டி, நான்கு அடுக்காக அடுக்கி, நடுவே சிறு பித்தளைக் குழல் செருகினேன். சைக்கிள் டியூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர்; பெட்ரோலியத்திலிருந்து வருவது. காற்றை விடாது, எளிதில் மூப்படையாது, அதிர்வை விழுங்கும். ஆறு மாதமாக அசையவில்லை. "கடைசியில் செயற்கை ரப்பரா நம்மை ஜெயித்தது?" என்றார் பெரியவர். அவர் வெட்டிய தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

என் கை செய்த தவறு

அலை எண்கள் கண்ணாடியின் உள்பக்கம் அச்சிட்டிருந்தன. ஐம்பது வருட அழுக்கு. நனைத்த பஞ்சால், வெறும் தண்ணீர்தானே என்று ஒரு இழுப்பு இழுத்தேன். சிற்றலை வரிசையில் 19 முதல் 31 வரையிலான எண்கள் பஞ்சோடு வந்துவிட்டன. கண்ணாடியின் உள்பக்கத்தை உலர்ந்த தூரிகை தவிர வேறெதாலும் தொடக் கூடாது என்று நானே பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று மாலை பட்டறையைச் சீக்கிரம் மூடிவிட்டேன்.

மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். ஒரு கணம் பேசாமல் இருந்தார். "அப்பாவின் பொட்டு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். கண்ணாடியின் வெளிப்பக்கம், சிற்றலை வரிசையில், சிவப்புப் பெயின்டால் ஒரு சின்னப் புள்ளி. இலங்கை வானொலி கிடைக்கும் இடம். அது வெளிப்பக்கம் இருந்ததால் தப்பியது.

இந்தப் பாகத்தில் மட்டும் என் கேள்வி தலைகீழாகிறது. கண்ணாடியின் வேலையே பார்க்கப்படுவது. ஆகவே உருவம்தான் வேலை. எடுத்து வைத்திருந்த புகைப்படத்திலிருந்து எழுத்தின் வடிவத்தைக் கணினியில் வரைந்து, ஒளிபுகும் தாளில் இடவலம் மாற்றி அச்சிட்டு, உள்பக்கம் ஒட்டினேன். எண் எங்கே வர வேண்டும் என்பதைப் புகைப்படத்தை நம்பி விடவில்லை. சமிக்ஞைப் பெட்டியிலிருந்து அலைவெண் கொடுத்து, முள் நிற்கும் இடத்தைக் குறித்தேன். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர். 12 மெகாஹெர்ட்ஸ் என்றால் 25 மீட்டர். 11.9 கொடுத்தபோது முள் சிவப்புப் பொட்டின் மேல் வந்து நின்றது. தோட்டத்து ஆட்களின் பெரட்டுக் கணக்கு (தினசரி வருகைக் கணக்கு) எழுதிய கை, இதிலும் பிசகவில்லை.

முள்ளை இழுக்கும் கயிற்றுக்கு, பின்னிய தூண்டில் நூல். ஒற்றை இழை நைலான் நூல் நீண்டுகொண்டே போகும், வழுக்கும், பின்னியதுதான் நிற்கும். கிடைக்காத நாலாவது குமிழை, இருக்கும் ஒன்றிலிருந்து சிலிக்கான் அச்செடுத்து எப்பாக்சியில் வார்த்தேன். பகல் வெளிச்சத்தில் நிறம் அரைச்சாயல் வேறுபடும். அதை மறைக்க முயலவில்லை.

பாடியது என்ன

மலேசியத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் பண்பலையில் வருகிறது. இந்தப் பெட்டியில் பண்பலை கிடையாது. ஆனால் பின்புறம் கிராமபோன் செருகத் துளை இரண்டு உண்டு. கைப்பேசியின் ஒலியை அதன் வழியே கொடுத்தேன். இரவில் மத்திய அலையில் தாய்லாந்து மொழிப் பேச்சும் நிறைய இரைச்சலும் கேட்கின்றன. டீச்சர் இரண்டையும் கேட்டுவிட்டு, இரைச்சல் வரும் பக்கமே முள்ளை விட்டுவைத்திருக்கிறார். பாகங்களுக்கு 140 வெள்ளி ஆயிற்று. என் நேரத்தைக் கணக்குப் போட்டால் மூன்று புது ரேடியோ வாங்கலாம், ஆகவே போடவில்லை.

ஆறாம் மாதம் திறந்து பார்த்தேன். கேத்தோடில் 7.5 வோல்ட். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு டிரான்ஸ்பார்மரில் கை வைக்கலாம், எடுக்கத் தோன்றாது. ஈப்போவில் சுற்றக் கொடுத்த பழையது எப்போதோ வந்துவிட்டது. துணியில் சுற்றிப் பெட்டிக்குள்ளேயே கட்டி வைத்தேன். ஓடுகிறதைக் கழற்ற எனக்கு மனமில்லை.

போன வாரம் மைக் செட் அண்ணன் பட்டறைக்கு வந்தார். மாரியம்மன் கோயில் திருவிழா நெருங்குகிறது. எங்கிருந்தோ அந்த ஹார்னுக்கு டயாப்ரம் கிடைத்துவிட்டதாம்.

"டிரான்ஸ்பார்மரைப் போட்டுக் கொடு தம்பி" என்றார்.

நடுவே தாள் வைத்த டிரான்ஸ்பார்மர் இனி ஹார்னுக்கு உதவாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அது உன் ரேடியோக் கதை. எனக்குத் தெற்கு வாசலில் சத்தம் வர வேண்டும்" என்றார். இப்போது ஹார்ன் என் மேசைமேல் இருக்கிறது. 10 வாட், 100 வோல்ட், 8 ஓம். இரண்டு கடையில் கேட்டாகிவிட்டது.